மூன்று மாடி தூக்கியவன்

மாலை ஆறரை மணிக்கு நான் கூடத்தில் பாயை விரித்துக் குப்புறப் படுப்பேன். மாமனார் கைகளைத் தின்னர் போட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்துவிட்டு வருவார். கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர் அவர். நாற்பது வருடத் தொழில். எவ்வளவு கழுவினாலும் வாசனை போகாது.

"பெயிண்ட் கையோட தொட்டா வலி கலர் மாறிடும், மாப்ள."

ஒவ்வொரு நாளும் இதே ஜோக். நானும் ஒவ்வொரு நாளும் "ம்" என்பேன்.

முதலில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு. பிறகு தைலம். முதுகுத்தண்டின் இரு பக்கமும் கட்டைவிரல்களால் அழுத்திக்கொண்டே மேலே போவார். எலும்பின் மேல் கை படக் கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் அம்மா சொல்லியிருந்தார். ஒருமுறைகூடப் பட்டதில்லை. சுவரைச் சமமாக்கப் பட்டி தேய்த்துப் பழகிய கை. மேடு பள்ளம் அதற்குத் தெரியும். இருபது நிமிடம் பிடிப்பார். அந்த இருபது நிமிடமும் அதற்குப் பின் ஒரு மணி நேரமும் வலி இருக்காது. ஒரு நாளில் எனக்குக் கிடைத்த நிம்மதி அவ்வளவுதான்.

அந்தக் கை என்னைத் தொடுவதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் பொய். அது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் போய்விடுவார். அவரைத் தவிர எனக்கு வேறு யாரும் இல்லை.

என் மனைவி இறந்து ஏழு மாதம் ஆகிறது. அவருக்கு ஒரே பெண். எல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய அன்று, அவரும் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். திரும்பிப் பார்த்தார். நான் தரையிலிருந்து எழுந்துகொண்டிருந்தேன். முதலில் ஒருக்களிக்க வேண்டும். பிறகு முழங்கையை ஊன்ற வேண்டும். பிறகு நாற்காலியின் காலைப் பிடித்து மண்டியிட வேண்டும். இரண்டு நிமிடம் ஆகும். அவர் பையைக் கீழே வைத்துவிட்டார்.

"என் பொண்ணைத் தூக்கித் தூக்கித்தானே இந்த முதுகு போச்சு. நான் பார்க்காம வேற யார் பார்ப்பா?"

முதுகு போனது உண்மைதான். பதினொரு மாதம் அவளைத் தூக்கினேன். படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு, அங்கிருந்து குளியலறைக்கு, மறுபடி படுக்கைக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். இல்லையென்றால் புண் வரும். திருப்பியும் வந்தது. புண் எலும்பு வரை போய், ரத்தத்தில் கிருமி கலந்து, நான்கு நாளில் முடிந்துவிட்டது. அதற்குள் என் இடுப்பில் ஒரு வட்டு பிதுங்கி, இடது காலுக்குப் போகும் நரம்பை அழுத்த ஆரம்பித்திருந்தது. ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர், "என்ன வேலை? மூட்டை தூக்குறீங்களா?" என்று கேட்டார். நான் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் வரைபவன்.

வாரம் மூன்று நாள் பிசியோதெரபி. அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். குரலில் தலைமையாசிரியை.

"வலி பத்துக்கு எத்தனை?"

"ஆறு."

"நேத்தும் ஆறு. போன வாரமும் ஆறு. நான் வலியைக் கேட்டேன் சார், பஸ் நம்பரை இல்ல."

எத்தனை என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. யாருக்கோ வலிப்பதுபோல இருந்தது.

"குனியறது தப்பில்ல, திரும்பறதும் தப்பில்ல. ரெண்டையும் சேர்த்துப் பண்ணாதீங்க. தனித்தனியா பண்ணா முதுகு மன்னிக்கும்." மேசைமேல் குப்புறப் படுக்க வைத்து, முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் மெல்ல உயர்த்தச் சொன்னார். காலில் ஓடும் வலி சுருங்கி இடுப்புக்கு வந்தால் நல்ல அறிகுறி என்றார். "யாரைத் தூக்கி இப்படி ஆச்சு?"

"என் மனைவியை."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"இல்லை."

அவர் என் முழங்கைகளைச் சரியாக நகர்த்தி வைத்தார். பிறகு, "இன்னும் பத்து தடவை" என்றார்.

மாமனார் எல்லோருக்கும் சொல்லும் கதை ஒன்று உண்டு. டீக்கடையில், வேலை நடக்கும் இடத்தில், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

"என் பொண்ணு மொட்டை மாடிப் படியில துணி எடுத்துட்டு வரும்போது சறுக்கி விழுந்துட்டா. முதுகெலும்பு போச்சு. லிஃப்ட் வேலை செய்யல. வேற எவனா இருந்தாலும் ஐயோ அப்பான்னு கத்திக்கிட்டு நின்னிருப்பான். இவர் ஒரு நொடி நிக்கல. தோள்ல போட்டுக்கிட்டு மூணு மாடி! ஆளைப் பார்த்தா ஒட்டடைக்குச்சி. எங்கிருந்து பலம் வந்துச்சோ! பூ மாதிரி தூக்கிட்டு வந்தாருப்பான்னு எம்பொண்ணே என்கிட்ட சொன்னா."

அவள் அப்படித்தான் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

நடந்தது இது. சத்தம் கேட்டு நான் ஓடினேன். அவள் படிகளின் நடுவே மல்லாந்து கிடந்தாள். ஈரத் துணிகள் மேலே கிடந்தன. "இடுப்பு ரொம்ப வலிக்குது" என்றாள். நான் அழ ஆரம்பித்திருக்க வேண்டும். ஏனென்றால் அவள் சிரிக்க முயன்று, "அழாதீங்க, பாருங்க, கால் அசையுது" என்றாள். பார்த்தேன். இரண்டு கால்களின் விரல்களும் மடங்கி விரிந்தன. வலது முழங்காலைக்கூடக் கொஞ்சம் உயர்த்தினாள்.

ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்று நினைத்தேன். இல்லை, இதுவும் பிற்பாடு நானே சொல்லிக்கொண்டது. எதையும் நினைக்கவில்லை. கைகளைப் பிடித்து உட்கார வைத்தேன். கத்தினாள். தோளில் போட்டேன். முதல் மாடியின் திருப்பத்தில் என் காதருகே, "என் கால் எங்கே போச்சு?" என்று கேட்டாள். தொலைந்த செருப்பைக் கேட்பதுபோல. நான் நிற்கவில்லை. ஆட்டோவில் உட்கார வைத்தேன். வழியில் மயங்கிவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த இளம் டாக்டர், "விழுந்ததும் கால் அசைஞ்சுதா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பதினெட்டு மாதமாக யோசிக்கிறேன். பயம் என்பது மட்டும்தான் கிடைக்கிறது. எலும்பு வார்டின் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. கீழே விழுந்து கிடப்பவரைச் சுற்றி மூன்று பேர், யாரும் தொடாமல். முதுகில் அடிபட்டவரை உட்கார வைக்காதீர்கள், தூக்காதீர்கள், வளைக்காதீர்கள் என்று பெரிய எழுத்தில். மறுநாள்தான் அதைப் படித்தேன்.

நான்காவது நாள் ஆபரேஷன் செய்தார்கள். அதற்குப் பின் ஒருநாள், கட்டிலில் தொங்கிய தாளைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். விழுந்த நேரம் முதல் இரு கால்களிலும் அசைவு இல்லை.

"அப்படியா எழுதியிருக்கு?"

"ஆமா."

என்னையே பார்த்தாள். அன்று மதியம் அவள் அப்பா வந்தபோதுதான் அந்தப் பூ மாதிரிக் கதையைச் சொன்னாள். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

போன திங்கட்கிழமை எங்கள் நிறுவனம் கட்டும் நான்கு மாடிக் கட்டடத்துக்குப் போனேன். என் வரைபடத்தில் இருந்ததைவிட ஒரு படி அதிகமாகக் கட்டியிருந்தார்கள். அளந்து பார்க்க வேண்டும். அங்கே மாமனாரின் ஆட்கள்தான் பெயிண்ட் வேலை. படிக்கட்டின் உயரமான சுவருக்காகக் குறுக்கே சாரம் கட்டி, பலகை போட்டிருந்தார்கள். பலகையில் ஒட்டகம் நின்று உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். உயரமும் நீண்ட கழுத்துமாக இருப்பதால் அந்தப் பெயர். முப்பது வயது. அவர் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"ஏணி இல்லாமயே எட்டுவான்னு இவனைச் சேர்த்தேன், மாப்ள. இப்ப ஏணியும் கேக்கறான், சாரமும் கேக்கறான்" என்றார் மாமனார்.

"சம்பளமும் கேக்கறேன், அதைச் சொல்லுங்க" என்றார் ஒட்டகம் மேலிருந்து.

நான் அளவு நாடாவை விரித்துக்கொண்டிருந்தேன். பலகை புரண்ட சத்தம் கேட்டது. திரும்பியபோது ஒட்டகம் படிகளுக்கு நடுவிலிருந்த லேண்டிங்கில் மல்லாந்து கிடந்தார். பத்தடி இருக்கும். முதுகு படியின் விளிம்பில் மோதியிருந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. பிறகு வந்தது.

நான் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் மாமனார் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு நாலே எட்டில் இறங்கினார். கூடவே இரண்டு ஆட்கள்.

"கையைப் பிடிங்கடா. உட்கார வச்சு என் தோள்ல போடுங்க. நான் இறக்கிடறேன்."

"தொடாதீங்க மாமா" என்றேன்.

"நேரமில்ல, மாப்ள."

"ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணிட்டேன். அப்படியே கிடக்கட்டும்."

"அது வர்றதுக்குள்ள இங்கேயே பரலோகம் போயிடுவான். டேய், பிடிங்கடா!" அறுபத்திரண்டு வயது. ஒட்டகத்தின் கக்கத்தில் கையைக் கொடுத்துவிட்டார். தலை தரையிலிருந்து எழும்பிவிட்டது. "நீங்க செஞ்சதைத்தானே மாப்ள நானும் செய்யறேன். பயப்படாதீங்க."

ஒட்டகத்தின் கால்களைப் பார்த்தேன். பெயிண்ட் சொட்டிய கட்டைவிரல் மடங்கி விரிந்தது.

காரணம் சொல்லாமல் தடுக்க இரண்டு முறை முயன்றுவிட்டேன். மூன்றாவது முறைக்கு நேரம் இல்லை.

"நான் செஞ்சது தப்பு மாமா. அவ விழுந்து கிடந்தப்ப கால் அசைஞ்சுது. அசைச்சுக் காட்டினா. நான் தூக்கினேன். முதல் மாடி வர்றதுக்குள்ள நின்னுபோச்சு."

என் குரல் படிக்கட்டில் எதிரொலித்தது. ஆட்கள் கையை எடுத்துவிட்டார்கள். மாமனார் எடுக்கவில்லை. அப்படியே என்னைப் பார்த்தார்.

"தலையை மெதுவா கீழே வைங்க மாமா. நேரா. வளைக்காம."

வைத்தார். மிக மெதுவாக வைத்தார். பிறகு ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

நான் ஒட்டகத்தின் தலைமாட்டில் மண்டியிட்டுக் குனிந்து, இரண்டு காதுகளையும் உள்ளங்கைகளால் பொத்தித் தலை திரும்பாமல் பிடித்துக்கொண்டேன். "கால் அசையுதா?" என்று அவ்வப்போது கேட்டேன். "அசையுது சார். அம்மா... அசையுது" என்றார். ஆம்புலன்ஸ் வர முப்பத்தைந்து நிமிடம். என் இடுப்பிலிருந்து இடது குதிகால் வரை கம்பியைக் காய்ச்சிச் சொருகியது போல இருந்தது. யாருக்கோ வலிக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

ஆம்புலன்ஸில் தூக்குப் பலகையோடு வந்தவர்கள், ஒரே கட்டையாக உருட்ட நான்கு பேர் வேண்டும் என்றார்கள். தோளுக்கு ஒருவர், இடுப்புக்கு ஒருவர், காலுக்கு ஒருவர், தலை என் கையில். இடுப்புப் பக்கம் மாமனார் வந்து உட்கார்ந்தார். நான் எண்ணினேன். சொன்ன இடத்தில் உருட்டினார். சொன்ன இடத்தில் நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதே பெரிய ஆஸ்பத்திரி. அதே எலும்பு வார்டு. மாலையில் அறுவை சிகிச்சை டாக்டர் வெளியே வந்தார். நரைத்தவர். என் மனைவிக்கும் அவர்தான் ஆபரேஷன் செய்தார்.

"யார் அவனைத் தூக்காம வச்சிருந்தது?"

ஆட்கள் என்னைக் காட்டினார்கள்.

"நல்ல காரியம் பண்ணீங்க. எலும்புத் துண்டு நரம்பை ஒட்டி நிக்குது. கொஞ்சம் வளைச்சிருந்தா முடிஞ்சிருக்கும். இப்பவே தியேட்டருக்கு எடுக்கறோம்." பிறகு என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீங்க... உங்க மனைவி..."

"என் பொண்ணு" என்றார் மாமனார். "டாக்டர், ஒண்ணு கேக்கணும். இவனை இப்பவே எடுக்கறீங்க. அவளை ஏன் நாலாம் நாள் எடுத்தீங்க?"

"அந்தக் கேஸ் வேற. விழுந்ததிலிருந்தே அசைவு இல்லைன்னு எழுதியிருந்தது. அப்படி வர்றவங்களுக்கு அவசரப்பட்டுப் பெரிசா பலன் இருக்காதுன்னு அன்னிக்கு வந்த மத்தவங்களை முதல்ல எடுத்தோம்."

"அசைவு இருந்துச்சாம். வழியிலதான் நின்னுச்சாம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அது தெரிஞ்சிருந்தா?" என்றார் மாமனார்.

"அன்னிக்கே எடுத்திருப்போம்."

"நடந்திருப்பாளா?"

"தெரியாது பெரியவரே. யாராலயும் சொல்ல முடியாது. நடக்காமலும் போயிருக்கலாம்."

"ஆனா அன்னிக்கே எடுத்திருப்பீங்க."

"ஆமா."

டாக்டர் உள்ளே போனார். நான் தூக்கியதுதான் குற்றம் என்று இவ்வளவு நாள் சுமந்துகொண்டிருந்தேன். அது தெரியாமல் செய்தது. "இல்லை" என்று சொன்ன ஒரு வார்த்தைக்கும் அந்த நாலு நாளுக்கும் இருக்கும் தொடர்பை நான் ஒருமுறைகூட யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத் தெரிந்திருந்தது.

மாமனார் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டா."

"கேட்டுட்டுத்தான் என்கிட்ட பூ மாதிரின்னு சொன்னாளா?"

"ஆமா மாமா."

"பதினொரு மாசம் தினமும் போன்ல பேசினா. கத்திரிக்காய் என்ன விலைன்னு கேட்பா. சாப்டியாப்பான்னு கேட்பா. இதை ஒரு தடவை சொல்லல." கைகளை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்தார். "நான் அதை ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். பெரிய சாதனை மாதிரி. கேட்டவன் எவனாவது எங்கேயாவது எவனையாவது தூக்கியிருப்பானா மாப்ள?"

நான் அதை யோசித்ததே இல்லை.

அன்று அவர் வீட்டுக்கு வரவில்லை. வார்டு வராந்தாவிலேயே இருந்துவிட்டார். மறுநாளும் வரவில்லை. நான் பாயை விரிக்கவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலி பத்துக்கு எத்தனை என்று யாராவது கேட்டிருந்தால் ஒன்பது என்று சொல்லியிருப்பேன். அவள் போனபின் முதன்முறையாக ஓர் எண் சரியாகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் மதியம் வார்டுக்குப் போனேன். ஒட்டகம் கண் விழித்திருந்தார். கால்கள் அசைந்தன. எப்போது நிற்பார் என்று தெரியாது. இனிச் சாரத்தில் ஏற மாட்டார் என்பது மட்டும் தெரியும். அவர் மனைவி அவர் தோள் உயரம்கூட இருக்க மாட்டாள். திருப்பிப் போடும் நேரம். நர்ஸ் ஒருத்தி, நாற்பது படுக்கை.

"நான் தலைப்பக்கம் பிடிக்கறேன்" என்றேன்.

"குனியாதீங்க" என்றார் மாமனார். "கட்டில் உசரத்தை ஏத்தறேன், இருங்க." கால்மாட்டில் இருந்த பிடியைச் சுற்றி ஏற்றினார். பிறகு இடுப்பில் கை வைத்தார். மனைவி காலைப் பிடித்தாள். உருட்டினோம். முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகினேன். முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று.

"எல்லாம் கரெக்டா பண்றீங்க சார், நர்ஸ் மாதிரி" என்றார் ஒட்டகம், சுவரைப் பார்த்தபடி.

மாமனார் பிடியைச் சுற்றிக் கட்டிலைப் பழைய உயரத்துக்கு இறக்கினார்.

வராந்தாவுக்கு வந்தேன். மாமனாரும் பின்னாலேயே வந்தார்.

"இவன் எழுந்து உட்கார்ற வரைக்கும் இங்கே இருப்பேன். அப்புறம் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். துணிமணி எடுக்க ஒரு நாள் வர்றேன்."

"சரி மாமா."

"தைலம் தடவ யாரையாவது வச்சுக்குங்க."

"சரி."

"கோவத்துல சொல்லல. நேத்து வரலாம்னுதான் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். உங்க முதுகை நினைச்சுப் பார்த்தேன். கை வைக்க முடியும்னு தோணல. அவ்வளவுதான்."

"மாமா..."

"கூப்பிடாதீங்கன்னு சொல்லல. கூப்பிடுங்க. வர முடியலன்னு மட்டும்தான் சொல்றேன்."

உள்ளே போய்விட்டார். நான் படி வழியாக இறங்கினேன். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினேன்.

பேருந்தில் கூட்டம். என் நடையைப் பார்த்து ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள்.

"வேண்டாம்மா. உட்கார்ந்தாதான் அதிகமா வலிக்கும்."

அவள் நம்பவில்லை. மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து, மறுபடி உட்காராமல் என் பக்கத்திலேயே நின்றாள். அந்த இருக்கை இரண்டு நிறுத்தம் வரை காலியாகவே வந்தது.